ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு கதையில்லாமல் போன சினேகிதி

விசுவமடுப் பக்கத்துத் தங்கச்சி ஒருவ எழுதிக் கேட்டிருக்கிறா. ஆள் அடையாளம் பிடிபடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன். 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரம் மாத்தளனில், ஒரே பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஒதுங்கிய இரண்டு குடும்பங்கள். இவவின் தம்பி அங்கேயே செல்பட்டுச் செத்துப்போனார். அவரைப் புதைக்கக் குழி வெட்டும்போது கூட நின்றது மற்றக் குடும்பத்துப் பெட்டை. பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். மீள்குடியேறிய பிறகு அந்தச் சினேகிதி கலியாணம் கட்டி வந்ததும் இவ இருக்கிற ஒழுங்கைக்கே. இரண்டு பேரின் மகள்மாரும் இப்ப ஒரே வகுப்பு.

போன வருசம் இருவரும் ஒரே குழுவில் நின்று நுண்கடன் எடுத்திருக்கிறார்கள். சினேகிதிக்குக் கட்ட ஏலாமல் போன சில தவணைகளை இவ கட்டியிருக்கிறா. காசு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சினேகிதி வருவதில்லை. கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறா. "நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான் எண்டு அவ ஆருக்கோ சொன்னவவாம். நான் ஒருத்தரிட்டயும் வாய் திறக்கேல்லை அக்கா" என்று எழுதியிருக்கிறா. கேள்வி மூன்று. வலியப் போய்க் கேட்பதா, விடுவதா? தம்பிக்கு அழுததைவிட இதற்குக் கூட அழுகிறேன் போலிருக்கிறது, இது சரியா? மகள் அந்த வீட்டுக்கு விளையாடப் போகலாமா?

வன்னியில் உளவளத்துணை வேலையில் கனகாலமாக இருக்கிறவள் நான். தங்கச்சி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை நீங்களே நேரே போய்க் கேளுங்கள், இரண்டாம்முறை கேட்காதீர்கள். மகள் போகட்டும். இனி ஆறுதலாகக் கதைப்போம்.

இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும் விட அதுதான் உங்களைக் கூட அரிக்கிறது என்று தெரிகிறது.

எங்கட பகுதியில் துக்கத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளையை இராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு இன்னும் தேடுகிற தாய் வரிசையின் முன்னுக்கு நிற்கிறா. புருசனை இழந்தவ, காலை இழந்தவர், வீடு வாசல் இழந்தவர்கள் எல்லாரும் அவவுக்குப் பின்னால். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் தொடங்கிய போராட்டத்தை அறிந்த ஒருத்தி, சினேகிதி கதைக்கவில்லை என்று தலையணையை நனைத்தால் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்: "எவ்வளவத்தைக் கண்டனாங்கள், உனக்கு இதொரு கவலையே?" அப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வரிசையில் இடம் கிடைக்காத துக்கம் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவதில்லை. குசினிக்குள்ளும் கிணத்தடியிலும் நின்று அழுகிறது.

கென்னத் டோகா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் கடைசியில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இழப்பு நடந்திருக்கும், ஆனால் சுற்றியிருக்கிறவர்கள் அதை இழப்பென்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்போது துக்கப்படுகிறவருக்குத் துக்கத்தோடு சேர்த்து வெட்கமும் தனிமையும் வருகிறது. செத்தவீடு என்றால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். பறை, பந்தல், எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம். எப்போது அழுவது, எப்போது ஆக்கிச் சாப்பிடுவது, எப்போது கோயிலுக்குப் போகத் தொடங்குவது என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்து வைத்திருக்கிறோம். சினேகிதி போய்விட்டால் ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறா, பின்னேரம் சங்கக் கடைக்குச் சையிக்கிளில் போகிறா. எந்த நாளில் எட்டுச் செலவு செய்வது?

உங்கள் விசயத்தில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பங்குனியிலும் தம்பியின் நாளில் அவ விடிய வந்து, நீங்கள் விளக்குக் கொளுத்தும்வரை கூட நின்றுவிட்டுப் போவா என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்த முறை தனியக் கொளுத்தினன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விசயத்துக்குத் தாண்டிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். தம்பிக்கு எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. அம்மாவும் போனபிறகு, அந்தப் பிள்ளையை யாருடைய சாறத்தால் மூடினீர்கள், தலை எந்தப் பக்கம் இருந்தது, குழிக்கு மேல் அடையாளத்துக்கு எதை வைத்தீர்கள் என்பது உங்களுக்கும் அவவுக்கும்தான் தெரியும். அவவோடு இருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. "இண்டைக்கு அவன்ர நாள்" என்றால் போதும். இப்ப அதைத் தெரிந்த மற்ற ஆள் உங்களைக் கண்டு ஒழுங்கை மாறிப் போகிறா.

ஆகவே தம்பிக்குக் குறைய அழுதேனா, இவவுக்குக் கூட அழுகிறேனா என்று அளந்து பார்க்க வேண்டாம். இரண்டும் ஒரே அழுகை. 2009 இல் பதுங்குகுழிக்குள் வைத்து அழ உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. மெனிக்பாமில் தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்றதிலேயே பொழுது போனது. பிறகு கொட்டில், கிணறு, வீட்டுத்திட்டம், பிள்ளை. அப்ப அழாததை இப்ப அழுகிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் இதைப் பலதரம் கண்டிருக்கிறேன். கலியாணமாகி மகள் தூரப் போனபோது, வளர்த்த மாடு செத்தபோது, சினேகிதம் முறிந்தபோது பழைய சாவு ஒன்று எழும்பி வரும்.

இனி அவவின் பக்கம். காசு திரும்பி வந்துவிட்டதே, பிறகேன் முகத்தைத் திருப்புகிறா என்றுதான் உங்களுக்கு விளங்கவில்லை. எனக்கு அதுதான் லேசாக விளங்கிய பகுதி.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நுண்கடன் கம்பனிகள் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துக் கடன் கொடுக்கின்றன. ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். அறவிட வருகிற பெடியன் புத்தகத்தோடு இருப்பான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டும்வரை ஒருவரையும் எழும்ப விடமாட்டான். காணி ஈடு இல்லை, நகை ஈடு இல்லை. ஒருத்தி மற்றவர்களுக்கு முன்னால் வெட்கப்படுவாள் என்பதுதான் ஈடு. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கிற அளவுக்கு நிலைமை போனது. வட்டி பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். அந்தத் திண்ணைகளில் முறிந்த சினேகிதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தத் திண்ணையை ஒருமுறை அவவின் கண்ணால் பாருங்கள். ஏழெட்டுப் பெண்கள். வெய்யில் ஏறுகிறது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், எல்லாருக்கும் அடுப்பு வேலை. அவவிடம் காசில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அவவைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் மணிபேசைத் திறந்து நோட்டுகளை எண்ணிப் புத்தகத்துக்கு மேல் வைக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் வைத்தீர்கள். அவவுக்கு அது அப்போது உதவி, வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகு அவமானம். காசைத் திருப்பிக் கொடுக்கலாம், அந்தக் காட்சியைத் திருப்பிக் கொடுக்க ஏலாது. உங்களைக் காணுகிற ஒவ்வொரு முறையும் அவ திரும்பவும் அந்தத் திண்ணையில் போய் இருக்கிறா.

ஊரெல்லாம் நீங்கள் சொல்லித் திரிந்ததாகச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். கதை வெளியில் போக நீங்கள் வாய் திறக்கத் தேவையே இல்லை, திண்ணையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் ஏழு பேரோடும் கோபம் போட முடியாது. அடுத்த கிழமையும் அவர்களோடு இருக்க வேணும். ஒருவரோடு கோபம் போடலாம். யாரோடு போட்டால் உள்ளுக்குள் நோகுமோ அவரோடுதான் போட வரும். அவவின் வாயால் கேட்கும்வரை இதை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் "என்னை வெறுக்கிறா" என்கிற ஊகத்தைவிட இது உண்மைக்குக் கிட்ட இருக்கும் என்பது என் எண்ணம்.

வேறு காரணங்களும் இருக்கலாம். வெளிநாட்டுக் காசு வந்த வீடு, வராத வீடு. புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளை சித்தி, மற்றது இல்லை. வேலி எல்லை. இதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கிறதுதான். எங்கட ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு. "ஆர் ஆருக்கு என்ன சொன்னது" என்கிற பயம். மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னிச் சனத்தைப் பற்றி எழுதிய ஆய்வில், போர் தனி ஆட்களை மட்டுமில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து எப்படிக் காயப்படுத்தியது என்பதைக் கூட்டு மனவடு என்ற கருத்தை வைத்து விளக்குகிறார். ஒருவரை ஒருவர் நம்புவது குறைந்து, சந்தேகமும் மௌனமும் கூடிப் போவது அதன் ஒரு முகம். ஆகவே இங்கே ஒரு வதந்தி மற்ற இடங்களைவிடக் கெதியாக நம்பப்படும். அவ நம்பினதற்கு அவவின் குணம் மட்டும் காரணமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேணும். ஜெஃப்ரி ஹோல் என்பவர் புது ஊருக்குக் குடிபெயர்ந்த அமெரிக்கர்களையும் முதல் வருட மாணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வில், ஒருவர் நெருங்கிய நண்பராக ஏறக்குறைய 200 மணித்தியாலத்துக்கு மேல் சேர்ந்து இருக்க வேண்டியிருந்தது என்று கண்டார். இரவு பகலாக ஒரே குழிக்குள் கிடந்த உங்களுக்கு அது முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே முடிந்திருக்கும். அவ்வளவு கெதியாகப் பிடித்த சினேகிதம், செல்லடிக்குள் நின்று பிடிக்கப் பழகியது. தவணை, வட்டி, யார் வீட்டுக்கு முதலில் டைல்ஸ் வந்தது என்கிற மாதிரிச் சின்னச் சண்டைகளைத் தாங்க அதற்குப் பயிற்சி இருக்கவில்லை. உயிரையே பகிர்ந்தவர்கள் ஏன் ஐயாயிரம் ரூபாவில் முறிகிறார்கள் என்று சனம் கேட்கும். அப்படியானவர்கள்தான் முறிகிறார்கள், சின்னச் சண்டை பிடித்துச் சமாதானமாகி அவர்களுக்குப் பழக்கமில்லை.

சரி, போய்க் கேட்பது எப்படி?

தனியப் போங்கள். பொதுவாக ஆளாளுக்கு ஒரு மாமியைத் தூது அனுப்புவார்கள், அதைச் செய்யாதீர்கள். மாமி போகும்போது ஒரு கதை, வரும்போது மூன்று கதை. வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பவே வேண்டாம், அது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். கோயிலடியும் சரிவராது, குழாயடியும் சரிவராது. பின்னேரம் நாலரை, ஐந்து மணிபோல, புருசன் வயலால் வர முதல், அவவின் படலையடிக்குப் போங்கள். கையில் ஒன்றும் கொண்டு போகாதீர்கள். பலகாரம் கொண்டு போனால் அதுவும் இன்னொரு கடன். உள்ளே வரச் சொன்னால் போங்கள், சொல்லாவிட்டால் படலையிலேயே நில்லுங்கள்.

என்ன சொல்வது? நீளமாக வேண்டாம். "நான் கணக்குக் கதைக்க வரேல்லை. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, அதை உனக்கு நேர சொல்லோணும் எண்டு வந்தனான். பங்குனியில நீ வரேல்லை, எனக்கு அது கஷ்டமாப் போச்சு. நான் ஏதும் பிழை விட்டிருந்தாச் சொல்லு." இவ்வளவும் போதும். எத்தனை தவணை கட்டினீர்கள், எப்போது கட்டினீர்கள் என்பதை இழுக்கக் கூடாது. "எண்டாலும் நான் உனக்கு எவ்வளவு செய்தனான்" என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் பாழ். சத்தியம் பண்ணவும் வேண்டாம். வற்றாப்பளை அம்மன் அறிய, புதூர் நாகதம்பிரான் அறிய, கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவம் வா என்று கூப்பிடுகிறது எங்கட பக்கத்தில் வழமை. அப்படிக் கூப்பிட்டால் அது வழக்கு. வழக்கு என்றால் ஒருவர் தோற்க வேணும்.

அவ அழலாம், கத்தலாம், "ஒண்டுமில்லை, வேலை கூட, அதுதான் வரேல்லை" என்று சொல்லலாம். மூன்றாவதுதான் பெரும்பாலும் நடக்கும். அப்படிச் சொன்னால் "சரி, நான் சொல்ல வந்ததைச் சொல்லீட்டன்" என்று திரும்பி வந்துவிடுங்கள். அவ சொன்னது பொய் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். பரவாயில்லை. சில கிழமை கழித்து அவவாக வரக்கூடும், வராமலும் விடக்கூடும். நீங்கள் திரும்பவும் போனால் அது கெஞ்சல் ஆகும், அவவின் வெட்கத்துக்கு மேல் இன்னொரு பாரம் ஏறும்.

வராவிட்டால்? யூரியூப்பில் நிறையப் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். பிளாக் பண்ணுங்கோ, அந்த ஆளை வாழ்க்கையில் இருந்து வெட்டுங்கோ, புதிதாகத் தொடங்குங்கோ. கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிறவருக்கு அது சரிவரலாம், ரொறன்ரோவிலும் சரிவரலாம். உங்களுக்கு ஒரே ஒழுங்கை, ஒரே மாதர் சங்கம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாய்க்கால் தண்ணி. வெட்டினால் வெட்டினது தினமும் முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் சினேகிதிக்கும் அந்நியத்துக்கும் இடையில் எங்கட ஊர்களில் ஒரு படி இருக்கிறது. நன்மை தீமைக்குப் போய்வருகிற உறவு. வருசக்கணக்காகக் கதையில்லாத வீடுகள்கூட ஒரு சாவென்றால் பந்தலுக்கு வந்து கதிரை அடுக்கும், தேத்தண்ணி ஊற்றும், அடுத்தநாள் திரும்பவும் கதையில்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது போலித்தனம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இவ்வளவு அழிவுக்குப் பிறகும் இந்த ஊர்கள் நின்று பிடிப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். நீங்கள் அந்தப் படியில் இறங்கி நில்லுங்கள். வழியில் கண்டால் "என்ன, சந்தைக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போங்கள், பதில் வராவிட்டாலும் நடந்துகொண்டே இருங்கள். முதல் சில தடவை நெஞ்சு அடிக்கும், கால் நடுங்கும். பிறகு குறையும். அவ வருகிறா என்பதற்காகச் சங்கத்தில் இருந்து விலகாதீர்கள், கோயில் பொங்கலில் அடுப்பை மாற்றி வைக்காதீர்கள். ஒதுங்கத் தொடங்கினால் எல்லை இல்லை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவீர்கள்.

இதை யாரிடமாவது சொல்லி ஆற வேணும்தான். ஆளைக் கவனமாகத் தெரியுங்கள். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப இரண்டு பேர் இருந்து கிண்டிக் கிண்டிக் கதைப்பதை அமண்டா ரோஸ் என்கிற ஆய்வாளர் 2002 இல் சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் ஆராய்ந்தார். அப்படிக் கதைக்கிறவர்கள் இடையில் நெருக்கம் கூடியது, மனச்சோர்வும் பதட்டமும் சேர்ந்து கூடியது. பெரியவர்களிலும் நான் அதைத்தான் காண்கிறேன். உங்கள் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற ஒருத்தி கிடைத்தால் ஒரு கிழமைக்கு நல்ல சுகமாக இருக்கும். பிறகு அவவுக்கும் உங்களுக்கும் கதைக்க வேறு விசயமே இருக்காது. ஒழுங்கைக்கு வெளியில் இருக்கிற ஒருவரை, ஒரு அக்காவையோ மச்சாளையோ, தெரிந்து ஒன்றிரண்டு தரம் முழுக்கச் சொல்லுங்கள். அதோடு நிற்பாட்டுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அவவின் இரகசியங்கள் உங்களிடம் இருக்கின்றன, உங்களுடையது அவவிடம். போர்க்காலத்தில் யார் எங்கே நின்றது, யார் யாருக்கு உதவியது, யாரைப் பற்றி விசாரணையில் என்ன சொல்லவில்லை என்பதெல்லாம் இன்றைக்கும் வெறும் பழங்கதை இல்லை. கோபத்தில் வாய் தவறி விழுகிற ஒரு சொல் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுக்கும். அவ உங்களைப் பற்றிச் சொல்லிவிடுவாவோ என்று பயமாக இருக்கலாம். அந்தப் பயம் அவவுக்கும் இருக்கும். நீங்கள் காப்பாற்றுகிறீர்கள் என்பது நாளடைவில் அவவுக்குத் தெரியவரும், அவவும் காப்பாற்ற அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. பேஸ்புக்கில் "துரோகம்", "முதுகில் குத்தினவர்கள்" என்று பெயர் சொல்லாமல் போடுகிற பதிவும் இதற்குள் அடங்கும். பெயர் சொல்லாவிட்டால் ஊருக்குத் தெரியாது என்று நினைப்பவர் போடுகிற ஆள் மட்டும்தான்.

எழுதிப் பார்ப்பது சிலருக்கு உதவுகிறது. ஜேம்ஸ் பெனபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய விசயத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். எழுதின உடனே மனம் இன்னும் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் நோய் என்று வைத்தியரிடம் போவது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகத்தான் தெரிந்தது, ஆகவே இதைப் பெரிய மருந்தாக நான் விற்கவில்லை. செலவில்லாத வேலை என்பதால் சொல்கிறேன். மகளின் பழைய கொப்பியில் பின் ஒற்றைகள் போதும். எழுதியதை அவவுக்கு அனுப்பாதீர்கள், அடுப்பில் போடுங்கள்.

எழுதுவதைவிட முக்கியமாக நான் நினைப்பது தம்பியின் கதையை. அது இப்ப இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது, அதனால்தான் ஒருவர் விலகியதும் உங்களுக்கு நிலம் ஆடுகிறது. மகளுக்கு விளங்குகிற வயது வந்துவிட்டது. முழுவதையும் சொல்ல வேண்டாம். குழியைப் பற்றி இப்போது வேண்டாம். மாமா எப்படி இருப்பார், என்ன பகிடி விடுவார், கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் நிற்பார், அவரின் நாள் எது என்று சொல்லுங்கள். அடுத்த பங்குனியில் மகள் உங்களோடு விளக்கடியில் நிற்கட்டும். ஐயரையோ குருக்களையோ கேட்டு முறைப்படி ஒரு திவசம் செய்ய மனம் இருந்தால் அதையும் செய்யுங்கள், பிந்திவிட்டது என்று ஒன்றுமில்லை. சினேகிதி இருந்தபடியால் இதையெல்லாம் செய்யாமலே சமாளித்துவிட்டீர்கள் என்று எனக்குப் படுகிறது.

புதுச் சினேகிதி தேடச் சொல்லி நான் சொல்லப்போவதில்லை. தேடிக் கிடைக்கிற சாமான் இல்லை அது. கச்சான் பிடுங்குகிற காலத்தில் நாலு பேரோடு வளவில் இருந்து ஆயும்போது, களை பிடுங்கும்போது, பள்ளிக்கூடச் சிரமதானத்தில், மணித்தியாலங்கள் தானாகச் சேரும். அவவைப் போல ஒருத்தி இனி வரமாட்டா. வேறு மாதிரி ஒருத்தி வரலாம்.

ஒரு விசயத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு வேலையிலும் மனம் போகவில்லை, இருந்தென்ன என்று வருகிறது என்றால் இது சினேகிதிக் கவலையைத் தாண்டிவிட்டது. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் தாங்க ஏலாமல் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 க்கு எடுத்து, தமிழில் கதைக்க வேணும் என்று கேளுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை இன்றைக்கே பூட்டி, திறப்பைப் புருசனிடம் கொடுங்கள். உங்களை அப்படி நினைத்துச் சொல்லவில்லை. கமம் செய்கிற எல்லா வீட்டுக்கும் நான் இதைச் சொல்கிறேன்.

மகள் விசயம். போகட்டும். அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தால் குடிக்கட்டும். திரும்பி வந்ததும் "அன்ரி என்ன சொன்னவ, என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டாலே பிள்ளைக்குத் தன் வேலை விளங்கிவிடும், பிறகு இரண்டு வீட்டுக்கும் அளந்து அளந்துதான் கதைக்கும். அவவின் மகள் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் முந்திப் போலவே சாப்பாடு போடுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படியானவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள். அவவின் வீட்டில் ஒரு வருத்தம் வரலாம், அல்லது வரும் பங்குனியில் விடிய வந்து ஒன்றும் பேசாமல் விளக்கடியில் நிற்கலாம். அப்போது விளக்கம் கேட்காதீர்கள். மன்னிப்பும் கேட்க வைக்காதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். விட்ட இடத்தில் இருந்து தொடங்க முடியாது. முதல் சில மாதம் இரண்டு பேருமே அளந்துதான் கதைப்பீர்கள். அடுத்த முறை கடன் எடுக்கும்போது மட்டும் அவவும் நீங்களும் ஒரே குழுவில் கையெழுத்து வைக்க வேண்டாம். யார் வந்து கேட்டாலும், அவவே வந்து கேட்டாலும்.